படம் இல்லாத வியாதி

ஒரு மழைக்காலம் முழுவதும் நான் கொசுவாக இருந்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் திண்டிவனத்தில் பாதிப் பேர் பார்த்துவிட்ட விஷயத்தை மறைத்து என்ன பயன்? கறுப்புத் துணியில் தைத்த உடம்பு, கம்பியில் கட்டிய கண்ணாடித்தாள் இறக்கை, மூக்கில் பிளாஸ்டிக் குழாய். இந்தக் கோலத்தில் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "நான்தான் டெங்குக் கொசு, உங்கள் வீட்டுக்கு வரப்போகிறேன்" என்று மைக்கில் கத்தினேன். நாய்கள் முதலில் குரைக்கவில்லை, யோசித்தன. அப்புறம் துரத்தின. ஓடிய ஓட்டத்தில் ஒரு இறக்கை பழக்கடைக் குடையில் மாட்டிக்கொண்டது. மீதி இறக்கையோடு செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் நிதானமாக வந்து, "கொசுவுக்கு எங்க?" என்று கேட்டு டிக்கெட் கிழித்தார்.

சுகாதார விழிப்புணர்வுக் கலைஞர் என்று என் தொழிலுக்குப் பெயர். எங்கள் மாவட்டத்துக்கு எந்தச் சுகாதாரத் திட்டம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். சொந்தமாக மைக் செட் இருக்கிறது, படம் வரையத் தெரியும், வெட்கம் கிடையாது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது கஷ்டம். கைகழுவும் திட்டத்துக்கு சோப்பாக நின்றிருக்கிறேன். புகையிலைக்கு நுரையீரலாக இருமியிருக்கிறேன். எய்ட்ஸுக்கு நான் போட்ட வேஷத்தை இங்கே எழுதுவதற்கில்லை. அந்த வருஷம் என் மனைவி எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது கொசுவாக இருந்தபோதுதான். கிளியனூர் பக்கம் ஒரு ஊரில் மைக் கட்டியிருந்தோம். வயலிலிருந்து திரும்பிய லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முழங்கால் வரை சேறோடு பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் அக்கா. நடவுக்கும் களைக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிற செட்டுக்கு அவர்தான் தலைவி. நெட்டை உருவம், கறுத்த நிறம். மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடாகச் சுற்றிய துண்டு.

"யோவ் கொசு. இங்க வா."

போனேன். மைக் என் கையிலேயே இருந்தது, அதை அணைக்கவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

"நீ கடிச்சா இன்னா ஆவும்?"

"டெங்கு வரும்க்கா. ஜுரம்."

"எங்களுக்கு ஜுரம் வேற எடத்திலேர்ந்து வருது. அதுக்கு எவன் வேஷம் போட்டுக்கினு வருவான்?"

எந்த இடத்திலிருந்து என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேடைக்காரன் புத்தி, கைவசம் இருந்த பதிலை எடுத்து விட்டேன். "அதுக்கும் அப்புறமா வருவோம்க்கா!"

"அப்புறம்னா எப்போ?"

ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பதில் வரும் என்று உண்மையாகவே நம்பி நின்றார். நான் இறக்கையைச் சரிசெய்துகொண்டேன்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் கொசுதான். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால், "யாரைக் கேட்டு எழுதினே?" என்று ஆள் அனுப்புவார். அதனால் வேண்டாம்.

பழகப் பழகத்தான் தெரிந்தது, அந்தக் கேள்வியை அவர் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. யார் வாயிலிருந்து 'அப்புறம்' விழுந்தாலும் தரையில் படுவதற்குள் பிடித்துவிடுவார். புதுச்சேரி போகிற பஸ்காரர் கையைக் காட்டி, "பின்னாடி வண்டி காலியா வருதும்மா" என்பார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "பின்னாடின்னா எப்போ?" என்பார் அக்கா. வண்டி நகராது. ஒரு கல்யாணத்தில் மேளக்காரர்களைப் பார்த்து, "நீங்கள்லாம் அப்புறம் சாப்பிடலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அப்புறம்னா எப்போ என்று கேட்டார். முதல் பந்தியில் தன் செட்டுப் பெண்களை எழுப்பிவிட்டு, அந்த இடங்களில் புது இலை போட்டு மேளக்காரர்களை உட்கார வைத்தார். எழுப்பப்பட்ட பெண்கள் பாதி சாம்பார் சாதத்தோடு கையை நக்கிக்கொண்டு நின்றதையும் சொல்ல வேண்டும். அவர் நியாயத்துக்கு யாராவது ஒருவர் பசியோடு நிற்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது அவருடைய ஆட்கள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் பெண், "டாக்டர் அப்புறம் வருவாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அக்கா கேட்ட கேட்பில் அந்தப் பெண் அழுதுவிட்டாள். மறுநாள் ஒரு கட்டு முருங்கைக்காயோடு போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நான் கூடவே போனேன். முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டு, "நேத்து நீ அழுவ வேண்டிய ஆளு இல்ல. உனக்கு மேல கீறவன் அழுவணும். அவன் எப்போ வருவான்?" என்றார். அந்தப் பெண் மறுபடி அழுதாள்.

அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தான் 'அப்புறம்' என்று சொன்னால் எப்போது என்பதையும் கூடவே சொல்லிவிடுவார். "அப்புறம் தரேன், நாத்திக்கெழமை காலையில." ஞாயிறு காலையில் வாசலில் நிற்பார்.

அடுத்த கோடையில் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. தலைமை ஒரு இளம் டாக்டரம்மா. கண்ணாடி போட்டவர், வேகமாக நடப்பார், யார் சொல்வதையும் முழுசாகக் கேட்பார். எங்கள் பக்கத்தில் எந்த நோயை முதலில் எடுத்து ஆராய்வது, எதற்கு முதலில் வழி செய்வது என்று மக்களையே கேட்டு வரிசைப்படுத்துவதுதான் வேலை.

"இத்தனை நாள் மேல உக்காந்து முடிவு பண்ணினோம்ணா. இந்தத் தடவ கீழ உக்காந்து முடிவு பண்ணப்போறோம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முறை எளிமையானது. நோய்களின் படங்களைத் தரையில் வரிசையாக வைப்பது. ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. எது பெரிய கஷ்டமோ அந்தப் படத்தின் மேல் அதிகமாக வைக்க வேண்டும். படங்களை நான்தான் வரைந்தேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காசநோய், டெங்கு, பாம்புக்கடி, குடி. கொசுவை மட்டும் கொஞ்சம் அழகாக வரைந்துவிட்டேன், சொந்தப் பாசம்.

புளியங்கொட்டையை மாற்றியதும் நான்தான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற காலம். திண்டிவனம் முழுக்க மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. "எதுக்கு டாக்டர் புளியங்கொட்டை? மல்லாட்டை குடுப்போம். ஜனங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றேன். அவர் நகரத்தில் வளர்ந்தவர், சரி என்றார். மல்லாட்டையைக் கையில் கொடுத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊர்க்காரனான எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம். படங்களை விரித்தோம். ஊர்த்தலைவர் வீட்டம்மா முதலில் எழுந்துபோய் முழுப் பிடியையும் சர்க்கரை மேல் வைத்தார். அடுத்து வந்த பெண் அதைப் பார்த்தாள், தானும் சர்க்கரை மேல் வைத்தாள். அதற்கடுத்தவளும். தலைவர் வீட்டம்மாவுக்கு எதிராகப் பாம்புக்கடிக்கு வைக்க யாருக்குத் தைரியம்? இதற்குள் பின்வரிசையில் ஒரு சத்தம். பட், பட், பட். அக்காவின் செட்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாக மல்லாட்டையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது.

நான் ஓடினேன். "ஐயோ அக்கா, அது திங்கறதுக்கு இல்ல! அது ஓட்டு!"

"தெரியும்டா. அதான் தின்னோம்."

"ஏன்க்கா?"

"எங்க வியாதிக்குப் படம் இல்ல. ஓட்டை வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?"

தின்று முடித்ததும் எழுந்தார். மடியிலிருந்த தொலியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். படங்களின் வரிசை முடிகிற இடத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், கொட்டினார். ஒவ்வொருத்தியாக வந்து அதே இடத்தில் கொட்டினார்கள். சர்க்கரை மேல் இருந்த குவியலை விட அது உயரமாக நின்றது.

நான் துடைப்பத்தைத் தேடினேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

"தொடாதீங்க" என்றார் டாக்டர். குவியலுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். "இது என்ன வியாதிம்மா?"

அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க." தலைவர் போனார், வயதானவர்கள் போனார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு உத்தியோக தோரணையில் நின்றேன்.

"நீயுந்தான், கொசு."

கதவை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஜன்னலுக்குக் கதவு இல்லை. நானும் ஒட்டுக்கேட்காத ஆள் இல்லை.

விஷயம் இதுதான். அந்தப் பெண்கள் விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். வயல் வெட்டவெளி. வரப்பில் ஆண்கள், பம்புசெட் கொட்டகையில் ஆண்கள், ரோட்டில் போகிற வண்டியெல்லாம் கண். ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில், குனிந்த முதுகோடு, பொழுது சாயும்வரை ஒரு வாய் தண்ணீர் இல்லாமல். குடித்தால் வரும், வந்தால் எங்கே போவது? அடக்கி அடக்கி எரிச்சல், ஜுரம், இடுப்பு வலி. அக்காவின் நாத்தனார் அந்தச் செட்டிலேயே நடுகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பெண்பிள்ளை ஒன்று. குளிர்ஜுரத்தில் வரப்பிலேயே சாய்ந்து, பெரிய ஆஸ்பத்திரி வரை போய் வந்திருந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நெறைய தண்ணி குடின்றாங்க டாக்டரம்மா. வேலைக்கும் போவணும், தண்ணியும் குடிக்கணும்னா நான் எங்க போறது?" நாத்தனாரின் குரல் அது. "வேலைக்குப் போவலன்னா கஞ்சிக்கு எங்க போறது?"

அப்புறம் டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே நான் இத்தனை பக்கத்தில் நிற்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அண்ணா, ஒரு படம் வரையணும்" என்றார்.

மரியாதையாக இருக்கட்டும் என்று, ஒரு புதருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தலை மட்டும் தெரிகிற மாதிரி வரைந்தேன். அக்கா வாங்கிப் பார்த்தார்.

"இது இன்னாடா?"

"புதருக்கா."

"எங்க கீது புதரு? ஒரே ஒரு புதரைக் காட்டு. புதரு இருந்தா நாங்க இன்னாத்துக்கு இங்க வந்து பேசறோம்?" கிழித்துப்போட்டார்.

அடுத்ததில் வயலை மட்டும் வரைந்தேன். தட்டையாக, ஒரு செடி இல்லாமல், அடிவானம் வரை. நடுவில் ஒரு பெண். பக்கத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடம். அவள் வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. அக்கா அதை நாத்தனாரிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அதைத் தொலிக் குவியலுக்கு முன்னால் வைத்தார். என் வாழ்நாளில் நான் வரைந்த படங்களில் யாரும் சிரிக்காத படம் அது ஒன்றுதான்.

எல்லா ஊர்ப் படங்களையும் வைத்து இறுதி முடிவு எடுக்கும் கூட்டம் சில வாரங்கள் கழித்து விழுப்புரத்தில் நடந்தது. நான்குமுனைச் சந்திப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏ.சி. மண்டபம். ஊருக்கு ஒருவரை அழைத்திருந்தார்கள். அக்கா செட்டையே வேனில் ஏற்றிவிட்டார். வழியில் டாக்டர் மறைக்காமல் பேசினார்.

"அம்மா, நான் பொய் சொல்ல விரும்பல. சக்கரையில கால் எடுக்கிறவங்களை நீங்களே பாக்குறீங்க. ரத்தக் கொதிப்புல திடீர்னு போறாங்க. இருக்கிற ஆளுங்களை வெச்சு எல்லாத்தையும் முதல்ல வைக்க முடியாது."

"மொதல்ல வையின்னு நான் சொன்னனா? எங்க அண்ணனுக்கே சக்கரையில கால் எடுத்தாங்க. அதை மொதல்ல வையிங்க. எங்களுத கடைசியில வையிங்க. ஆனா வையிங்க. வரிசையிலியே இல்லாதவளுக்குக் கடைசி எடங்கூடக் கெடையாது டாக்டரம்மா."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரில் ஒரு தண்ணீர் பாட்டில். திரையில் படங்கள் ஓடத் தொடங்கின. தலைமை வகித்தவர் வெள்ளை முடி வைத்த பெரியவர், சாந்தமான மனிதர், யாரையும் 'வா போ' என்று பேசாதவர். நான் ஓரத்தில் மைக் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பாட்டிலைத் திறந்தார். ஒரே மூச்சில் குடித்தார். செட்டு முழுவதும் திறந்தது, குடித்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி எழுந்து கழிப்பறைக்குப் போனாள். கதவு கிரீச்சென்றது. அவள் வருவதற்குள் இன்னொருத்தி. அவள் வருவதற்குள் இரண்டு பேர். போய் வந்தவர்கள் அடுத்த பாட்டிலைத் திறந்தார்கள். பக்கத்து நாற்காலி அதிகாரியின் பாட்டிலையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். திரையில் சர்க்கரை நோய் பற்றி முக்கியமான ஒரு வரைபடம். கிரீச். ரத்தக் கொதிப்பு. கிரீச். காசநோய். கிரீச், கிரீச்.

பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, இப்படி மாத்தி மாத்திப் போயிட்டே இருந்தா கூட்டம் எப்படி நடத்துறது? கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

அக்கா எழுந்தார்.

"அதைத்தாங்க தெனமும் பண்ணிக்கினு கீறோம்."

காலி பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

"எங்களுக்கு ஒண்ணும் தண்ணி குடிக்கத் தெரியாம இல்லீங்க. போறதுக்கு ஒரு கதவு இருந்துது, குடிச்சோம். நீங்களே பாத்துக்கினுதான இருந்தீங்க? இதுக்கு மேல இன்னா ஆராய்ச்சி வேணும்?"

டாக்டர் ஏதோ எழுதுவது போலத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் முகம் சிவந்துவிட்டது. கோபத்தால் அல்ல, சொல்லிவிட்ட வார்த்தையால். உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "தப்பா சொல்லிட்டேம்மா. முக்கியமான பிரச்சினைதான், ஒத்துக்கிறேன். ஆனா இந்தக் கட்டத்துல எடுக்கப்போற விஷயங்கள் முடிவாயிடுச்சு. இதை அப்புறம் கண்டிப்பா எடுத்துக்கலாம்."

மைக்கை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். கை வரவில்லை. இந்த முறை வேண்டுமென்றேதான் அணைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"அப்புறம்னா எப்போங்க?"

"இந்த ஆய்வு முடிஞ்சதும்."

"அது எப்போ முடியும்?"

"அது... மறுபரிசீலனைக்கு அப்புறம் தெரியும்."

"அது எப்போங்க?"

பெரியவர் தண்ணீர் குடிக்க பாட்டிலைத் தேடினார். இல்லை. அவருடையதையும் எங்கள் ஆட்கள் குடித்திருந்தார்கள்.

வரிசை வாசிக்கப்பட்டது. சர்க்கரை முதலில். டாக்டர் சண்டை போட்டு, அந்தக் குடம் வைத்த படத்தைக் கடைசியில் சேர்க்க வைத்தார். சேர்த்தார்கள், பக்கத்தில் 'பிறகு' என்று எழுதி. அக்கா படிக்கத் தெரியாதவர். "பக்கத்துல இன்னாடா எழுதிக்கீது?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். பெரிதாகக் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேனுக்கு வந்தபோது பின்சீட்டின் அடியில் என் சாமான்களைப் பார்த்தார்.

"அது இன்னா, சுருட்டி வெச்சிக்கினு கீறே?"

"பழைய பேனருக்கா. டெங்குக்குக் கட்டினது. வீட்ல வெச்சா சம்சாரம் திட்டுது."

"குடு."

"எதுக்குக்கா?"

"அப்புறம் சொல்றேன்."

வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பு. விடுவேனா? "அப்புறம்னா எப்போ?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் காலையில. கிளியனூர் தாண்டி, பம்புசெட்டு மேட்டுக்கு வா."

போனேன். நடவு வயல். தண்ணீர் நிறுத்தி, வரப்போரம் அண்டை வெட்டி, நாற்றுக் கட்டுகளை வயல் முழுக்க எறிந்து தயாராக வைத்திருந்தார்கள். ஆனால் ஒருத்தியும் வயலில் இறங்கவில்லை. மேட்டில் நான்கு சவுக்குக் கழிகளை நட்டு, நாலு பக்கமும் என் பேனரைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாலையைப் பார்த்த பக்கத்தில் நான். ஆளுயரத்துக்கு. கொசு வேஷத்தில், குழாய் மூக்கோடு, பல்லைக் காட்டிக்கொண்டு. என் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: "தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்!"

அந்த வாசகத்தை எழுதியவனும் நான்தான்.

நிலத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "இன்னாம்மா இது? நம்ம நெலத்துல கூடாரம் போட்டுக்கினு?"

"மறைப்புங்க. ஒரு கொடம் தண்ணியும் வெச்சிட்டோம். வேணாம்னா சொல்லுங்க, பிரிச்சிடறோம். பிரிச்சிக்கினு அப்படியே ஆட்டோவுல ஏறிடறோம்."

"சரி சரி, மொதல்ல எறங்கி நடுங்க. நாத்து வாடுது. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

செட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறக்கவே இல்லை. முன்னால் வந்தது நாத்தனார். வெளிறிப்போன முகம், உடம்பு இன்னும் தேறவில்லை.

"அப்புறம்னா எப்போங்க?"

நிலத்துக்காரர் நாற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்திலிருந்த என்னையும் பார்த்தார். "பேஜாரா பூட்ச்சு உங்களோட" என்று வண்டியைத் திருப்பினார். "இருக்கட்டும். ஜல்தி எறங்குங்க."

நாத்தனார் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டாள். எல்லோர் முன்னாலும் அண்ணாந்து குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் வயலில் இறங்கினாள்.

அந்த மறைப்பு செட்டோடு ஊர் ஊராகப் போயிற்று. ஆட்டோவின் கூரையில் கழிகள், நடுவில் சுருட்டிய நான். கண்டமங்கலம் வரை போனதாகக் கேள்வி. மற்ற செட்டுகளும் மறைப்பு இல்லாத வயலில் இறங்க மாட்டோம் என்று நிற்கத் தொடங்கின. அக்கா இந்த விஷயத்தில் போலீஸ்காரர் மாதிரி ஆகிவிட்டார். "குடிச்சியாடி? எங்க, சொம்பைக் காட்டு." குடிக்காதவளை நடவிலிருந்து கரையேற்றி உட்கார வைத்தார். தாகமில்லாதவளும் பயத்தில் குடித்தாள்.

டாக்டர் திரும்பி வந்தது அதற்கடுத்த நடவில். யாரும் அனுப்பாமல், தன் ஸ்கூட்டரில் வந்திருந்தார். இந்த மறைப்பால் பெண்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், முறையாக ஒரு ஆய்வு செய்ய மேலே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

வயல் நடுவிலிருந்து அக்கா நிமிரக்கூட இல்லை. "நடவு நடக்குது. அப்புறம் வாங்க டாக்டரம்மா."

டாக்டர் ஒரு நொடி நின்றார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். "அப்புறம்னா எப்போம்மா?"

வயல் முழுக்கச் சிரித்தது. அக்கா நிமிர்ந்தார். நான் பார்த்தவரை அவர் பல் தெரியச் சிரித்தது அன்றுதான். "மதியம் கஞ்சி குடிக்கிற நேரத்துல. அதுவரைக்கும் வரப்புல குந்துங்க."

டாக்டர் வரப்பில் குந்தினார். வெயில் ஏறியது. குடத்திலிருந்து ஒரு சொம்பு குடித்தார், இன்னொரு சொம்பு குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, என் படத்துக்குப் பின்னால் போனார்.

அக்காவை நான் பார்த்து நாளாகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது. வந்தவாசிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள். அங்கே யாரை என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாரோ. செட்டை இப்போது நாத்தனார்தான் நடத்துகிறாள்.

போன மாதம் கிளியனூரைத் தாண்டிப் போகும்போது பம்புசெட்டு மேட்டில் மறைப்பு தெரிந்தது. வண்டியை நிறுத்தி ஆசையாகப் பார்த்தேன். நான் இல்லை. ஏதோ துணிக்கடையின் தீபாவளித் தள்ளுபடி பேனர்.

"இன்னாம்மா, நம்ம படம் எங்க?" என்றேன், அடிபட்டவன் குரலில்.

"கிழிஞ்சிடுச்சுண்ணா" என்றாள் நாத்தனார், நாற்றுக் கட்டு ஒன்றை அவிழ்த்தபடி. முகத்தைப் பார்த்து ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று நின்றேன். சொன்னாள். "ஆனா ஒண்ணு. நீ மைக்கைப் புடிச்சிக்கினு பேசின காலத்துல எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லண்ணா. வாயைத் தொறக்காம கழியில கட்டி வெச்சிருந்தோம் பாரு, அப்பத்தான் நீ உருப்படியா ஒரு வேலை செஞ்சே."